ஆற்று மீனைத் தின்றது யார்?

முட்டுக்காட்டிலும் எண்ணூரிலும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக் கரைகளிலும் தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தண்ணிக் காக்காவில்தான் வந்து நிற்கும். முன்பெல்லாம் விடிவதற்குள் ஒரு வேளைக் குழம்புக்குக் கிடைத்துவிடும் என்றும், இப்போது பொழுது ஏறும்வரை உட்கார்ந்தாலும் தக்கை அசைவதில்லை என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். உடனே யாராவது ஒருவர், எதிரே கம்பத்தின்மேல் சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகத்தைக் காட்டுவார். “இதுங்க தின்னு மிச்சம் வச்சாத்தானே தம்பி நம்ம முள்ளுல மாட்டும்?” என்று முட்டுக்காட்டில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். கொக்கு, பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாவற்றுக்கும் அதே குற்றச்சாட்டுத்தான். காவிரிக் கரைக்குப் போனால் அந்த வரிசையில் நீர்நாயும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் குறையை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நீர்நிலையை ஆண்டுக்கணக்கில், அதுவும் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இந்த நகரத்தில் மிகச் சிலரே. மீன் குறைந்துவிட்டது என்று அவர்கள் சொன்னால் அது உண்மை. ஆனால் குறைந்ததற்குக் காரணம் பறவை என்று அவர்கள் சேர்த்துச் சொல்லும்போதுதான் நான் வேறுபடுகிறேன். பறவை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தின்கிறது. நம் மீனைக் குறைத்த மற்றவை நமக்குத் தெரியாத இடங்களில், சேற்றுக்கு அடியிலும் முகத்துவாரத்து மணல்மேட்டிலும் கோடையில் வற்றிப்போன மடுக்களிலும், வேலை பார்த்திருக்கின்றன.

முதலில் அந்தப் பறவையையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அடையாற்றில் திரு.வி.க. பாலத்துக்குக் கீழே சிறு நீர்க்காகம் மீன் பிடிப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். கழுத்து மட்டும் தெரிய மிதந்துகொண்டிருக்கும் பறவை ஒரு துள்ளு துள்ளித் தலைகீழாக மூழ்கும். மறுபடி எழும்போது, கொக்கிபோல வளைந்த அலகின் நுனியில் மீன் குறுக்காகக் கிடக்கும். அதை அப்படியே விழுங்க முடியாது. ஜிலேபிக் கெண்டையின் முதுகு முட்கள் தொண்டையில் குத்தும் என்பதால், மீனை மேலே தூக்கிப் போட்டுத் திருப்பித் தலைப்பக்கமாகப் பிடித்தால்தான் முட்கள் மடங்கி உள்ளே இறங்கும். அந்தத் திருப்பலில் மீன் நழுவிப் போவதும் உண்டு, பக்கத்துப் பறவை பிடுங்கிக்கொள்வதும் உண்டு. விழுங்கி முடித்ததும் கம்பத்தில் ஏறி உட்கார்ந்து சிறகை விரிக்கும். வாத்தின் இறகைப்போல் அதன் இறகு தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ளுவதில்லை, நனைந்துவிடுகிறது. ஆகையால் அது தின்னும் நேரத்தைவிடக் காயும் நேரத்தில்தான் நம் கண்ணில் அதிகம் படுகிறது.

அது பிடித்த மீன்களில் பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டாதவை. நாம் ஏங்கிக் காத்திருக்கும் கொடுவாவும், கையளவு மடவையும், கனத்த விராலும் அந்தத் தொண்டைக்குள் போகாது. ‘இன்றைய குஞ்சுதானே நாளைய பெரிய மீன், குஞ்சைத் தின்றால் பெரிய மீன் எங்கிருந்து வரும்?’ என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தாய் மடவை ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அவற்றில் வளர்ந்து பெரிதாகுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பது பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பதுதான். இரையும் ஒதுங்க இடமும் எத்தனை குஞ்சுகளுக்குப் போதுமோ அத்தனைதான் தங்கும். பறவை விட்டுவைத்ததைப் பசியோ நோயோ வேறொரு மீனோ கொண்டுபோகும். தங்கும் இடமே சுருங்கிவிட்டால், பறவைகள் அத்தனையையும் துரத்தினாலும் மீன் பெருகாது.

இதற்கு வேடந்தாங்கலைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. சென்னையிலிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் தொலைவில், முப்பது ஹெக்டேர் அளவுள்ள ஒரு சிறிய ஏரிக்கு, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா, நாரை என ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் இவற்றைக் காத்துவருவதை 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அதிகாரபூர்வமாக அங்கீகரித்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அத்தனை பறவைகளும் தங்கள் குஞ்சுகளுக்கு வேண்டிய மீனைச் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலிருந்தே கொண்டுவருகின்றன. பறவையால் மீன் அழியும் என்றால், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி வேட்டையாடப்படும் மதுராந்தகம் வட்டாரத்து ஏரிகளில் ஒரு கெண்டைகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

இதே சண்டை பிரிட்டனில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே ஆற்று மீன் பிடிப்பவர்களுக்கு நீர்க்காகத்தின் மீதும் நீர்நாயின் மீதும் உள்ள கோபம் நம்மைவிடப் பலமடங்கு. நீர்க்காகங்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் சுடுவதற்கு இங்கிலாந்தில் உரிமம்கூடத் தருகிறார்கள். 1950-களில் தொடங்கி டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளால் அங்கே ஏறக்குறைய மறைந்துபோன நீர்நாய், அந்த மருந்துகள் விலக்கப்பட்ட பிறகு மெல்லத் திரும்பி, 2011 வாக்கில் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் காணப்பட்டது. ஆறு தூய்மையானதற்கான அடையாளம் என்று ஒரு சாரார் அதைக் கொண்டாட, எங்கள் மீனைத் தின்ன வந்தது என்று மறுசாரார் வருந்துகிறார்கள். இங்கே நீர்க்காகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் காக்கப்படும் பறவை. அதைச் சுடுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஆனால் பறவையால் இழப்பு இல்லவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். குளத்தில் குஞ்சு விட்டு வளர்க்கிறவர்களுக்கு நீர்க்காகக் கூட்டம் ஒரு நாள் காலையில் ஏற்படுத்தும் நட்டம் கையில் பட்ட நட்டம். கோடையில் ஏரி வற்றி ஒரு மூலையில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது, அடுத்த மழைக்கு வித்தாக அங்கே ஒடுங்கிக் கிடக்கும் மீன்களைக் கொக்கும் கூழைக்கடாவும் சேர்ந்து துடைத்தெடுத்துவிட முடியும். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வறண்டபோது, பறவைகள் மிச்சமிருந்த குட்டைகளில் மொய்த்ததைப் பார்த்தவர்கள் மீன் போனது பறவையால்தான் என்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் குட்டைகளில் மீன் ஒடுங்க நேர்ந்தது தண்ணீர் போனதால்தானே.

சென்னைக்கு வருகிற ஆற்று மீன்களில் பல கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருபவை என்பதை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. மடவை கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வந்து வளர்கின்றன. இறாலும் அப்படியே. கொடுவாவின் குஞ்சுகளும் உள்ளே வந்து வளர்ந்து பிறகு வெளியேறுகின்றன. ஆகவே அடையாறு, கூவம், கோவளம், எண்ணூர் ஆகிய நான்கு முகத்துவாரங்களும் எந்த மாதத்தில் எவ்வளவு அகலத்துக்குத் திறந்திருக்கின்றன என்பதுதான் அடுத்த ஆண்டு நம் முள்ளில் என்ன மாட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகரும் மணல் அதன் தென்புறத்தில் தேங்கி மெரினாவை அகலமாக்கியது; அதே மணல்தான் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேரும் கூவத்தின் வாயை அடைக்கிறது. அடையாற்றிலும் மழை நின்று சில மாதங்களில் வாய் குறுகி மணல்மேடு எழும். உள்ளே நிற்பது பெரும்பாலும் சாக்கடை. அந்த நீரில் உயிர்வளி குறையக் குறைய மடவை தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் கரையில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். முதல் கனமழை பெய்ததும், கால்வாய்களில் மாதக்கணக்கில் தேங்கியிருந்த கழிவு மொத்தமாக ஆற்றில் இறங்கும் நாளிலும் இதுவே நடக்கும். ஓர் இரவில் அப்படிச் சாகும் மீனை அந்தக் கழியிலுள்ள பறவைகள் ஒரு பருவம் முழுக்கத் தின்றாலும் தீர்க்க மாட்டா.

கூவத்தின் கழிமுகத்தில் கடந்த நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய ஐம்பது வகை மீன்கள் பதிவாகியிருந்தன. எழுபதுகளின் இறுதிக்குள் அது இருபது சொச்சமாகக் குறைந்துவிட்டது. இன்று நேப்பியர் பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு இதை நம்புவதே கடினம். இதில் எந்தப் பறவைக்கும் பங்கில்லை.

எண்ணூரின் கதை இன்னும் கொடியது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்து, ஆழமாக இருந்த இடங்கள் மேடாகிவிட்டன. அங்குள்ள மீனவர்கள் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். அடிமண்ணில் ஏற்படும் மாற்றம் அவர்களுக்கு விரலிலேயே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் பரவியபோது, படகும் வலையும் அலையாத்தி மரங்களின் தூரும் கறுத்துப்போயின. நாம் மீன் திருடன் என்று ஏசும் அதே கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறகோடு பறக்க முடியாமல் நின்றன. போதாக்குறைக்கு, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம் சில ஆண்டுகளாக அங்கேயும் பழவேற்காட்டிலும் அடிமண்ணை மூடிப் படர்ந்துவருகிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். விரிப்பு விரித்ததுபோல் அது மண்ணை மூடிவிடுவதால் இறால் புதைந்து ஒதுங்க இடமில்லை; மண்ணில் இரை தேடும் மீன்களுக்குத் தின்ன வழியில்லை; சேற்றில் கைவிடும் மனிதருக்கு விரல் கிழிகிறது.

நன்னீர்ப் பகுதியில் கதை வேறு. பாலாற்றிலும் கொசஸ்தலையிலும் கோடையில் ஆறு நின்றுபோனாலும், வளைவுகளில் மணலுக்கு நடுவே மடுக்கள் இருக்கும். விராலும் கெளுத்தியும் குறவையும் அங்கேதான் மழைவரை காத்திருக்கும். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் படுகையே கீழே இறங்கிய இடங்களில் அந்த மடுக்கள் இல்லை. புதுவெள்ளம் வந்ததும் எதிர்த்து ஏறி வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய் முட்டையிடும் கெண்டை வகைகளுக்குத் தடுப்பணை குறுக்கே நிற்கிறது. நிலத்தடி நீருக்குத் தடுப்பணை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மீன் ஏறிப் போக ஓரத்தில் ஒரு சாய்வான வழி விட்டுக் கட்டலாம் என்பது மட்டுமே என் கோரிக்கை. ஆனால் நம் பக்கத்தில் கட்டப்படும் தடுப்பணைகளில் அப்படி ஒரு வழியை நான் பார்த்ததில்லை.

தின்னிகள் என்று பேச வேண்டுமானால், நாமே கொண்டுவந்து விட்ட தின்னிகளைப் பற்றி முதலில் பேச வேண்டும். ஜிலேபிக் கெண்டை என்று நாம் வாங்கித் தின்னும் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத ஏரியே இல்லை. அது முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் என்பதால், நம் ஊர்க் கெண்டைகள் தோற்கும் இடத்திலும் அது பெருகுகிறது. வளர்க்கத் தடை இருந்தும் பண்ணைக் குட்டைகளிலிருந்து தப்பி வெளியேறிய ஆப்பிரிக்கக் கெளுத்தி, எதிரில் கிடைக்கும் எதையும் விழுங்கும். தொட்டியின் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் விடப்பட்ட டேங்க் கிளீனர் மீன், எலும்புத்தகடு போர்த்திய உடம்போடு கரையைத் துளைத்து வளை போடுகிறது. வலையில் சிக்கினால் வலை கிழிகிறது. நீர்க்காகம் பிடித்துத் தூக்கிப் போட்டு விளையாடும் ஜிலேபிக் குஞ்சு, நமக்கு வேண்டாத மீனின் குஞ்சுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கில் அது நமக்கு உதவியே செய்கிறது.

இந்த விஷயத்தில் காவிரி மஹசீரின் வரலாறு என்னை அதிகம் உலுக்கியது. காவிரியில் மட்டுமே வாழும் கூனல் முதுகு மஹசீர், உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்களை ஈர்த்த மீன். எழுபதுகளிலிருந்து, மீன் வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, வேறு ஆற்றைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளை மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்துக் காவிரியிலும் கொண்டுவந்து விட்டார்கள். கர்நாடகப் பகுதியில் கலிபோரே முகாமில் பிடித்து விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளை ஆய்வாளர்கள் பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு பிடிபடும் மஹசீரின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. கூனல் முதுகு மஹசீர் மட்டும் ஏறக்குறைய மறைந்திருந்தது. நிறைய மீன் மாட்டுகிறது என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அந்த ஆற்றுக்கே உரிய மீன் அழிவின் விளிம்புக்குப் போயிருக்கிறது. 2018-இல்தான் அதற்கு முறையான அறிவியல் பெயரே உறுதியாயிற்று. அதே ஆண்டு மிக அருகிவிட்ட இனமாக, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைத் தரப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. இன்று மோயாற்றுப் பக்கம்தான் அது உறுதியாகக் காணப்படுகிறது. நீர்நாய்களும் முதலைகளும் அந்த மீனோடு ஆயிரமாயிரம் ஆண்டுகள் அதே ஆற்றில் வாழ்ந்தவை.

இனி நம் கை செய்வதைப் பேச வேண்டும். மழைக்காலத்தில் ஏரியோரப் புல்லுக்கிடையே தண்ணீரின் ஓரிடம் மட்டும் கொதிப்பதுபோல் குமிழியிடும். கூர்ந்து பார்த்தால், செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒரே திரளாக மூச்செடுக்க மேலே வந்து மேலே வந்து இறங்குவது தெரியும். அதற்குக் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்தத் திரளின் நடுவே ரப்பர்த் தவளையை விழச்செய்தால், பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்கும் வெறியில் விரால் பாய்ந்து கவ்வும். மிகச் சுலபமாகக் கிடைக்கும் விரால் அதுதான். பல காணொளிகளில் பெருமையாகக் காட்டப்படுவதும் அதுதான். காவல் மீன் போனதும் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தத் திரளுக்குள் புகுந்துவிடும். குஞ்சுத் திரளின்மேல் தூண்டில் வீசுகிறவர் அந்த ஏரியின் அடுத்த இரண்டு மூன்று ஆண்டு விராலை ஒரே வீச்சில் எடுத்துவிடுகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கொடுவாவின் உடம்பில் நடப்பது இன்னொன்று. அது ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். முட்டுக்காட்டில் யாராவது பெரிய கொடுவாவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால், அது பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணாகவே இருக்கும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவை வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்ததால், கறிக்கு வேண்டிய கொடுவா பண்ணையிலிருந்து கிடைக்க வழியுண்டு. ஆற்றில் மாட்டும் பெரியதை விட்டுவிடலாம். நடுத்தர அளவில் ஒன்றிரண்டை வீட்டுக்கு எடுத்துப் போவதில் எனக்குத் தடையில்லை. நானும் எடுத்துப் போகிறேன். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் விட்டுவராமல் சுருட்டி எடுத்து வருவதும் இதோடு சேர்ந்ததே, ஏனென்றால் நம் நரம்பு காலில் சுற்றித் தொங்கும் நீர்க்காகத்தை நான் அடையாற்றில் பார்த்திருக்கிறேன்.

என்னோடு தூண்டில் போடும் நண்பர்கள் சிலரும் நானும் இப்போது பிடிப்பை எழுதிவைக்கிறோம். தேதி, இடம், முகத்துவாரம் திறந்திருந்ததா, தண்ணீரின் நிறம், என்ன இரை, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம், என்ன மீன், எவ்வளவு நீளம், வயிற்றில் முட்டை இருந்ததா என்பவை அதில் இருக்கும். அருகில் எத்தனை நீர்க்காகங்கள் இருந்தன என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்; பறவை அதிகமான நாளில் மீன் குறைகிறதா என்ற சந்தேகம் உள்ளவர்கள் அதை அவர்கள் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். பழக்கத்துக்கு வரக் கடினமாக இருப்பது ஒன்றுதான்: ஒன்றும் மாட்டாத நாளை யாரும் எழுதுவதில்லை. அந்த நாட்கள் விட்டுப்போனால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்ற கணக்கே தவறாகிவிடும். கலிபோரே குறிப்புகளில் உட்கார்ந்த நேரமும் பதிவாகியிருந்ததால்தான் எண்ணிக்கையின் ஏற்றத்தை ஆண்டுவாரியாக ஒப்பிட முடிந்தது. வரும் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முட்டுக்காடு, அடையாறு, எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரே மாதிரியான குறிப்பேட்டை வைத்துக்கொண்டால், அடுத்த முறை முகத்துவாரத்தைத் தூர்வாருவது பற்றியோ தடுப்பணை பற்றியோ அதிகாரிகளிடம் பேசப் போகும்போது காட்டுவதற்கு நம் கையில் ஏதாவது இருக்கும். முட்டுக்காட்டுப் பெரியவர் தனக்கு எழுத வராது என்றார். அவர் சொல்லச் சொல்ல அவருடைய பேரன் எழுதிக்கொள்கிறான்.